அமூங்கஸ் ஏன் இரண்டாவது டர்னிலேயே காலியாகிறது? டபுள்ஸில் அதை ஆடும் முறை

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விக்கான பதில் இது. போக்கிமான் ஸ்கார்லெட், வயலட் கேம்களின் டபுள்ஸில் (இரண்டுக்கு இரண்டாக மோதும் ஆட்டம்) அவன் அமூங்கஸ் என்கிற காளான் போக்கிமானை (கிராஸ், பாய்சன் டைப்) வைத்து ஆடுகிறான். மாடஸ்ட் நேச்சர் (ஸ்பெஷல் அட்டாக்கை ஏற்றும் குணம்), ஈ.வி. என்கிற பயிற்சிப் புள்ளிகள் ஹெச்.பி.யில் (உயிர்ப்புள்ளி) 252, ஸ்பெஷல் அட்டாக்கில் 252. மூவ்கள் ஸ்போர் (தூங்க வைக்கும்), ஜிகா ட்ரெயின், ஸ்லட்ஜ் பாம், ப்ரொடெக்ட் (அந்த டர்னில் தன்மேல் வருவதைத் தடுக்கும்). கையில் லைஃப் ஆர்ப் (அடியைக் கூட்டும் ஐட்டம்). முதல் டர்னில் ஸ்போர் போட்டால் எதிராளி ப்ரொடெக்ட் போட்டுவிடுகிறானாம், அடுத்த டர்னில் அமூங்கஸ் செத்துவிடுகிறதாம். என்ன செட் வைக்க, யாரோடு இறக்க, ஸ்போர் எப்போது போட என்பதுதான் கேள்வி.

மக்கா, செட்டும் சரியில்லை, ஆடுகிற விதமும் சரியில்லை. செட்டை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஆட்டம் மாறத்தான் நேரம் பிடிக்கும்.

அமூங்கஸ் ஆளைக் கொல்ல வைத்திருக்கிற போக்கிமான் இல்லை. எதிராளியின் டர்னைப் பறிக்க வைத்திருக்கிற போக்கிமான். உன் லைஃப் ஆர்ப் கணக்கையே பார். மாடஸ்டும் 252 ஸ்பெஷல் அட்டாக்கும் சேர்ந்து லெவல் 50-ல் 150 வருகிறது. அதை வைத்து ஃப்ளட்டர் மேனுக்கு ஸ்லட்ஜ் பாம் அடித்தால் 66 முதல் 78 வரைதான் போகும். ஃபேரிக்கு விஷம் இரட்டிப்பு, கோஸ்டுக்குப் பாதி. இரண்டும் சேர்ந்தால் சாதாரண அடி. ஹெச்.பி.யில் 4 ஈ.வி. மட்டும் போட்ட ஃப்ளட்டர் மேனுக்கு 131 ஹெச்.பி. இருக்கிறது. இரண்டு அடி வேண்டும். நீயோ 30 பேஸ் ஸ்பீடு, அது 135. இதற்காக இரண்டு டிஃபென்ஸையும் விட்டுக்கொடுத்திருக்கிறாய், அதோடு ஒவ்வொரு அடிக்கும் லைஃப் ஆர்ப் உன் ஹெச்.பி.யில் பத்தில் ஒரு பங்கைத் தின்கிறது.

ஈ.வி.யை இப்படி மாற்று: ஹெச்.பி. 236, டிஃபென்ஸ் 156, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 116. நேச்சர் ரிலாக்ஸ்ட் (டிஃபென்ஸ் ஏறும், ஸ்பீடு குறையும்). ஸ்பீடு ஐ.வி. (பிறவியிலேயே வருகிற 0 முதல் 31 வரையான மதிப்பு) 0, அட்டாக் ஐ.வி.யும் 0. எபிலிட்டி ரீஜெனரேட்டர் (வெளியே எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு ஹெச்.பி. திரும்பும்), வேறு எதுவும் வேண்டாம். லெவல் 50-ல் ஹெச்.பி. 219, டிஃபென்ஸ் 121, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 115, ஸ்பீடு 31 என்று நிற்கும்.

156-க்குக் காரணம் உண்டு. நேச்சர் தருகிற 10 சதவீதத்தில் பின்னம் வெட்டப்படும். நேச்சருக்கு முந்தைய டிஃபென்ஸ் 109 என்றால் 119.9 வந்து 119 ஆகிவிடும். 110 என்றால் சரியாக 121. அதாவது அந்த இடத்தில் ஒரு புள்ளி ஏற்றினால் இரண்டு புள்ளி கிடைக்கிறது. 156 ஈ.வி. அந்த 110-ல் கொண்டு நிறுத்துகிறது. ஹெச்.பி.யை 252 ஆக்கினால் 221 வரும், ஆனால் ரீஜெனரேட்டர் திருப்பித் தருகிற மூன்றில் ஒரு பங்கு 219-க்கும் 73, 221-க்கும் 73. அந்த 16 ஈ.வி.யை வேறு இடத்தில் வைப்பதுதான் லாபம். அட்டாக் ஐ.வி. 0 எதற்கு என்றால், ஃபவுல் ப்ளே அடிப்பவன் உன் அட்டாக்கை வைத்துத்தான் உன்னை அடிக்கிறான். உனக்கு அட்டாக்கால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இந்த ஈ.வி. என்னென்ன தாங்கும்? ஜாலி நேச்சர், 252 அட்டாக், டேமேஜ் கூட்டாத ஐட்டம் வைத்த சியன்-பாவின் ஐசிக்கிள் க்ராஷ், அதன் எபிலிட்டியான ஸ்வோர்ட் ஆஃப் ரூயின் உன் டிஃபென்ஸை முக்கால் ஆக்கிய பிறகும், 182 முதல் 216. உன்னிடம் 219. கிரிட் (தற்செயலாக விழும் கூடுதல் அடி) விழாதவரை நிற்பாய். டிஃபென்ஸில் ஒன்றும் போடாமல் ரிலாக்ஸ்ட் மட்டும் வைத்திருந்தால் இதே அடியின் உச்சம் 264 ஆகிவிடும். டிமிட் நேச்சர் சி-யூ ஐட்டம் பலம் இல்லாமல் ஹீட் வேவ் அடித்தால் 174 முதல் 206, அதற்கும் நிற்பாய். அதே சி-யூ சாய்ஸ் ஸ்பெக்ஸ் வைத்திருந்தாலோ வெயில் அடித்துக்கொண்டிருந்தாலோ நிற்க மாட்டாய், அந்தக் கணக்கில் ஏமாறாதே. ஃப்ளட்டர் மேன் டிமிட் என்றால் ஷேடோ பால் 75 முதல் 88, மூன்றடி வேண்டும். மூன்பிளாஸ்ட் வெறும் 43 முதல் 51.

மூவ்களில் ஸ்போர், ரேஜ் பவுடர் (எதிரியின் அடியை உன் பக்கம் இழுக்கும்), பாலன் பஃப் (எதிரியை அடிக்கும், கூட இருப்பவனுக்கு ஹெச்.பி. தரும்) மூன்றும் கட்டாயம். நான்காவது ப்ரொடெக்ட். உன் செட்டில் ரேஜ் பவுடர் இல்லாததுதான் பெரிய ஓட்டை. அது இல்லாவிட்டால் எதிராளிக்கு ஒரே ஒரு பயம்தான்: ஸ்போர். அவன் எதிர்பார்த்துப் ப்ரொடெக்ட் போடுகிறான், அவ்வளவுதான் கதை. இரண்டும் இருந்தால் ப்ரொடெக்ட் போட்டவன் தன் டர்னை வீணாக்கியவன் ஆகிறான், ஏனென்றால் நீ அந்த டர்னில் ரேஜ் பவுடர் போட்டிருக்கலாம், பக்கத்தில் இருப்பவன் தன் வேலையை முடித்திருக்கலாம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார். ப்ரொடெக்ட் முதல் தடவை தப்பாமல் வேலை செய்யும். அடுத்த டர்னிலேயே மறுபடி போட்டால் மூன்றில் ஒரு வாய்ப்புதான். ஆகையால் முதல் டர்னில் ஸ்போர் போட அவசரப்படாதே. ரேஜ் பவுடர் போட்டுப் பக்கத்துப் போக்கிமானுக்கு ஒரு டர்ன் சும்மா வாங்கிக் கொடு: அது ட்ரிக் ரூம் (மெதுவானவர் முதலில் ஆடும் நிலை) போடட்டும், ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் (அட்டாக்கை ஏற்றும்) போடட்டும், அடிக்கவும் செய்யட்டும். எதிரில் யார் ப்ரொடெக்ட் போட்டான் என்று கவனி. இரண்டாவது டர்னில் ஸ்போர் அவனுக்கு. அவனால் மறுபடி நம்பிப் ப்ரொடெக்ட் போட முடியாது. ஸ்விட்ச் செய்வான், இல்லை தூங்குவான். ஸ்விட்ச் செய்தால் உள்ளே வருகிறவன் தூங்குவான். எதிராளி விவரமானவன் என்றால் அந்த இடத்தில் ஸ்போர் ஒட்டாத கிராஸ் டைப்பைக் கொண்டு வருவான், அதனால் அவன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதை டீம் ப்ரிவியூவிலேயே (ஆட்டத்துக்கு முன் இரு டீமையும் காட்டும் நேரம்) குறித்து வைத்திருக்க வேண்டும்.

தூக்கத்தின் கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. ஸ்போருக்கு 100 சதவீதத் துல்லியம். தூங்கியவன் 1 முதல் 3 டர்ன் வரை செயல்பட மாட்டான், மூன்றுக்கும் சம வாய்ப்பு. அதாவது முதல் தடவை அவன் முறை வரும்போது எழவே மாட்டான். இரண்டாவது தடவை மூன்றில் ஒரு வாய்ப்பு எழுவதற்கு. அப்போதும் தூங்கினால் மூன்றாவது தடவை பாதிக்குப் பாதி. நான்காவது தடவை நிச்சயம் எழுவான். இதில் ஒரு நுணுக்கம்: நீ அவனுக்கு முன்னால் ஸ்போர் போட்டால் அந்த டர்னே முதல் டர்னாக எண்ணப்படும். அவன் அடித்து முடித்த பிறகு நீ போட்டால் எண்ணிக்கை அடுத்த டர்னில்தான் தொடங்கும். ட்ரிக் ரூம் இல்லாதபோது நீ எப்போதும் கடைசியில்தான் போடுவாய். இந்த டர்னில் ஒரு அடியை வாங்கிக்கொண்டு அடுத்த டர்னை நிச்சயமாக வாங்குகிறாய் என்று பொருள். அந்த நிச்சயமான ஒரு டர்னுக்குள் காரியத்தை முடிக்கத் திட்டம் போடு. அதற்கு மேல் தூங்கினால் லாபம், தூங்காவிட்டால் அதிர்ஷ்டத்தைத் திட்டிப் பயனில்லை.

இந்த வி.ஜி.சி. (அதிகாரப்பூர்வ டபுள்ஸ் போட்டி) விதிகளில் ஸ்லீப் கிளாஸ் (ஒருவனைத்தான் தூங்க வைக்கலாம் என்கிற விதி) கிடையாது, எதிரில் நிற்கிற இரண்டையும் தூங்க வைக்கலாம். ஒற்றையர் ஆட்டத்தில் ஸ்மோகன் என்கிற ரசிகர் தளத்தின் ஓ.யூ. பிரிவுப் பக்கம் போனால் கதை வேறு; அங்கே 2024 முதல் தூக்க மூவ்களே தடை. அந்த ஆட்டக்காரர்கள் சொல்கிற அமூங்கஸ் செட்டை இங்கே கொண்டுவராதே.

ஸ்போர் பலிக்காத இடங்கள் நிறைய. 2013-ல் போக்கிமான் எக்ஸ், ஒய் வந்ததிலிருந்து கிராஸ் டைப்புக்குப் பவுடர் மூவ் (ஸ்போரும் அதில் ஒன்று) எதுவும் ஒட்டாது. ரில்லபூம், ஓகர்பான் இரண்டையும் பார்த்தாலே ஸ்போரை மறந்துவிடு. ரேஜ் பவுடரும் அவற்றை இழுக்காது, இதைத்தான் பலர் மறக்கிறார்கள். ரில்லபூம் கிராஸி க்ளைடை உன் பக்கத்து ஆளின் மீது அடித்தால் அது அங்கேதான் போகும். சேஃப்டி காகிள்ஸ் பிடித்தவனுக்கும் ஓவர்கோட் எபிலிட்டிக்காரனுக்கும் இதே இரட்டை விலக்கு. கொல்டென்கோவின் குட் ஆஸ் கோல்ட் எபிலிட்டி ஸ்டேட்டஸ் மூவ் (நேரடியாக அடிக்காத மூவ்) எதையும் வாங்காது. ஹாட்டரினின் மேஜிக் பவுன்ஸ் ஸ்போரைத் திருப்பி உன் பக்கம் அனுப்பும்; நீ கிராஸ் என்பதால் உனக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் டர்ன் போச்சு. கார்கானக்லின் ப்யூரிஃபையிங் சால்ட், இன்சோம்னியா, வைட்டல் ஸ்பிரிட், ஸ்வீட் வெயில் எல்லாம் அதே கணக்கு. லம் பெரி ஒரு தடவை எழுப்பிவிடும். எலக்ட்ரிக் டெரெய்ன், மிஸ்டி டெரெய்ன் இரண்டும் தரையில் நிற்பவர்களைத் தூங்க விடாது. பறக்கிற டொர்னாடஸ் மட்டும் அப்போதும் தூங்கும். உன் டீமிலேயே எலக்ட்ரிக் டெரெய்ன் போடுகிற ஆளையும் அமூங்கஸையும் சேர்த்து வைத்துவிட்டு ஸ்போர் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தத் தலைமுறையில் இதற்கு மேல் டெரா (ஆட்டத்தின் நடுவில் டைப்பை மாற்றுவது) இருக்கிறது. நீ ஸ்போர் போடுகிற அதே டர்னில் எதிராளி டெரா கிராஸ் ஆனால் மூவ் வீண். அதற்காக வருத்தப்பட வேண்டாம். அடிக்கிறதுக்கென்று வைத்திருந்த டெராவை அவன் உன் காளானுக்குப் பயந்து செலவழித்திருக்கிறான். ஆட்டத்துக்கு ஒரே டெரா.

இனி ரேஜ் பவுடர். இதன் முன்னுரிமை +2 (எண் பெரிதாக இருப்பது ஸ்பீடைப் பார்க்காமல் முதலில் நடக்கும்). ஃபேக் அவுட் (உள்ளே வந்த முதல் டர்னில் மட்டும் பலிக்கும், அடி வாங்கியவனைச் செயல்படவிடாது) +3, ப்ரொடெக்ட் +4. இந்த மூன்று எண்ணும் மனப்பாடம் இருக்கட்டும். ஃபேக் அவுட் உன் ரேஜ் பவுடருக்கு முன்பே வந்துவிடும். உன் பக்கத்து ஆளைத் தட்டினால் அதை நீ இழுக்க முடியாது, உன்னையே தட்டினால் ரேஜ் பவுடரே நடக்காது. எதிரில் இன்சினெரோரோ அயர்ன் ஹேண்ட்ஸோ புதிதாக உள்ளே வந்து நின்றால் அந்த டர்னில் ரேஜ் பவுடரை நம்பி எந்தத் திட்டமும் போடாதே. இதற்கு மருந்து கோவர்ட் க்ளோக் ஐட்டம், அது பிடித்திருந்தால் ஃப்ளிஞ்ச் (அடியால் அந்த டர்னை இழப்பது) ஆகாது. சக்கர் பஞ்ச் (அடிக்கப் போகிறவனை முந்தி அடிக்கும் மூவ்) +1. நீ ரேஜ் பவுடரை முடித்த பிறகுதான் அது வருகிறது, உன் மேல் திரும்புகிறது, நீ ஏற்கெனவே செயல்பட்டுவிட்டதால் தோற்றுப்போகிறது. சக்கர் பஞ்சை நம்பி வருகிறவனுக்கு இது நல்ல பொறி.

ப்ராங்ஸ்டர் எபிலிட்டி (ஸ்டேட்டஸ் மூவுக்கு முன்னுரிமை தரும்) உள்ள டொர்னாடஸின் டான்ட்டும் (ஸ்டேட்டஸ் மூவ் போடவிடாது) +1 தான். ரேஜ் பவுடர் போட்ட டர்னில் அது உன் மேலேயே விழும், பக்கத்து ஆள் ட்ரிக் ரூம் போட்டுவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு மூன்று டர்ன் நீ ஸ்போரும் ரேஜ் பவுடரும் ப்ரொடெக்ட்டும் போட முடியாது. அப்போது கைகொடுப்பது பாலன் பஃப். அது தாக்குதல் மூவ் என்ற கணக்கில் வருவதால் டான்ட் தடுக்காது. எதிரிக்கு அடித்தால் 90 பவர் பக் அடி, கூட இருப்பவன் மேல் போட்டால் அவனுடைய மொத்த ஹெச்.பி.யில் பாதி திரும்பும். அமூங்கஸ் மெதுவாக ஆடுவதும் இங்கே வசதிதான். பக்கத்து ஆள் அந்த டர்னின் அடியெல்லாம் வாங்கி முடித்த பிறகு கடைசியில் வந்து சேரும். அவன் அதற்குள் செத்துவிடுவான் என்றால் மட்டும் இதை நம்பாதே.

ரேஜ் பவுடர் ஒற்றை இலக்கு அடிகளைத்தான் இழுக்கும். ஹீட் வேவ், டாஸ்லிங் க்ளீம், ராக் ஸ்லைடு, எர்த்க்வேக், ப்ளீக்விண்ட் ஸ்டார்ம், மேக் இட் ரெயின், இரப்ஷன் எல்லாம் இரண்டு பேரையும் அடிக்கிற மூவ்கள், உன் பவுடரை மதிக்காது. சைக்கிக் டெரெய்னில் எக்ஸ்பாண்டிங் ஃபோர்ஸும் பரவுகிற அடியாகிவிடும், போதாக்குறைக்கு உனக்கு இரட்டிப்பு. அந்த டெரெய்னைப் போடுகிற இண்டீடி கண்ணில் பட்டால் அமூங்கஸை அந்த ஆட்டத்துக்குக் கொண்டுவராமலேயே விடு. ஆறில் நாலுதானே இறக்கப் போகிறாய், எல்லா ஆட்டத்துக்கும் இவன் வர வேண்டும் என்று சட்டமா என்ன?

ஐட்டம் உன் டீமைப் பொறுத்தது, ஒரே ஐட்டத்தை இரண்டு பேர் பிடிக்கக் கூடாது என்பதால் மிச்சம் இருப்பதையும் பார்க்க வேண்டும். சிட்ரஸ் பெரி எந்தக் கவலையும் இல்லாத தேர்வு. ஃபேக் அவுட் தொல்லை என்றால் கோவர்ட் க்ளோக், டான்ட் தொல்லை என்றால் மென்டல் ஹெர்ப். என் ஓட்டு ராக்கி ஹெல்மெட்டுக்கு. தொட்டு அடிக்கிறவனுக்கு ஒரு அடிக்கு ஆறில் ஒரு பங்கு போகும். ரேபிட் ஸ்ட்ரைக் உர்ஷிஃபுவின் சர்ஜிங் ஸ்ட்ரைக்ஸ் மூன்று முறை தொடுகிற அடி. அதை உன் இன்சினெரோரின் மேல் விடுகிறான் என்று வை. ரேஜ் பவுடர் அதை உன் பக்கம் இழுக்கும், வாட்டர் உனக்குப் பாதிதான் வலிக்கும், அவன் ஹெச்.பி.யில் சரிபாதி போய்விடும். பஞ்சிங் க்ளவ் பிடித்திருந்தால் இது நடக்காது. ஓபன் டீம் ஷீட் ஆட்டத்தில் எதிராளியின் ஐட்டம், எபிலிட்டி, மூவ், டெரா டைப் எல்லாம் முன்கூட்டியே தெரியும், அதை வாசிக்காமல் ஆடாதே.

டெரா டைப்புக்கு வாட்டர் நன்றாகப் பொருந்தும். ஃபயர், ஐஸ், ஃப்ளையிங், சைக்கிக் என்று இருந்த நான்கு பலவீனமும் ஒரே அடியில் போகும், ஃபயரும் ஐஸும் பாதியாகிவிடும். மேலே சொன்ன சியன்-பாவின் 182–216 அப்போது 45–54 ஆகிறது. விலை என்ன என்றால், கிராஸ் டைப் போய்விடுவதால் எதிரி அமூங்கஸின் ஸ்போர் உன்னைத் தூங்க வைக்கும், ரில்லபூமின் அடியும் எலக்ட்ரிக் அடியும் இரட்டிப்பாக வலிக்கும், ஃபைட்டிங்குக்கும் ஃபேரிக்கும் இருந்த தாங்குதல் போய்விடும். பொதுவாக டெராவை அடிக்கிற ஆளுக்கு வைத்துக்கொள். இந்த ஒரு டர்ன் அமூங்கஸ் உயிரோடு நின்றால் ஆட்டம் கையில் என்கிற நேரத்தில் மட்டும் இவனுக்குக் கொடு.

ரீஜெனரேட்டரைப் பயன்படுத்தத் தெரியாதவன் அமூங்கஸை ஆடவே வேண்டாம். வெளியே எடுக்கும்போது 73 ஹெச்.பி. திரும்புகிறது. நம்ம குலசேகரம் பக்கம் ரப்பருக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் பால்வெட்டு வைப்பது போலத்தான் இவனையும் நடத்த வேண்டும்: ஒரு வேலை வாங்கு, எடுத்து ஓரமாக வை, மறுபடி இறக்கு. ஸ்போர் ஒன்று பிடித்துவிட்டது, ஹெச்.பி. 80 இருக்கிறது என்றால் அடுத்த டர்னில் இன்னொரு ஸ்போருக்கு ஆசைப்படாமல் வெளியே எடு. மறுபடி வரும்போது 153-ல் வரும். நீ சொன்ன "இரண்டாவது டர்னில் செத்துவிடுகிறது" என்பதில் பாதி இந்த ஆசையால்தான். எதிரில் நியூட்ரலைசிங் கேஸ் வீசிங் நின்றால் ரீஜெனரேட்டர் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வை.

யாரோடு இறக்குவது? மூன்று வழி சொல்கிறேன், முதல் வழியைத்தான் கற்றுக்கொள்கிறவனுக்குப் பரிந்துரைப்பேன்.

இன்சினெரோர். டைப் பொருத்தமே பாதி வேலையைச் செய்துவிடும். உனக்கு வலிக்கிற ஃபயரும் ஐஸும் அவனுக்குப் பாதி, சைக்கிக் அவனுக்கு ஒட்டவே ஒட்டாது. அவனுக்கு வலிக்கிற வாட்டரும் ஃபைட்டிங்கும் உனக்குப் பாதி. முதல் டர்னில் அவன் ஒருவனை ஃபேக் அவுட்டால் தட்டுகிறான், நீ மற்றவனுக்கு ஸ்போர் போடுகிறாய். எதிராளி இதைத்தான் எதிர்பார்ப்பான், அதனால் இரண்டு ஆட்டத்துக்கு ஒரு முறை ரேஜ் பவுடருக்கு மாற்று. பிறகு பார்ட்டிங் ஷாட்: எதிரியின் அட்டாக், ஸ்பெஷல் அட்டாக் இரண்டையும் ஒரு படி குறைத்துவிட்டு அவன் வெளியே போகிறான். அந்த இடத்துக்கு அமூங்கஸ் பலவீனப்பட்ட எதிரியின் முன்னால் வந்து இறங்கலாம். டைமிங் பழகிவிட்டால் இந்த இருவரையும் மாற்றி மாற்றி இறக்கியே எதிராளியின் பொறுமையைச் சோதிக்கலாம்.

இரண்டாவது ட்ரிக் ரூம். ஃபாரிகிராஃபோடு லீட் (முதலில் இறக்கும் ஜோடி) வை. அதன் ஆர்மர் டெயில் எதிராளியின் முன்னுரிமை மூவ்கள் உங்கள் இருவர் மேலும் விழாமல் தடுக்கும், ஃபேக் அவுட்டும் ப்ராங்ஸ்டர் டான்ட்டும் அதில் அடக்கம். நீ ரேஜ் பவுடர், அது ட்ரிக் ரூம். இதை உடைக்க எதிராளிக்குப் பரவுகிற அடியோ, கிராஸ் டைப்போ, காகிள்ஸோ வேண்டும். ட்ரிக் ரூமுக்கு 5 டர்ன் என்றாலும் போட்ட டர்னும் கணக்கில் சேரும், கையில் நிற்பது 4. அடுத்த டர்னிலிருந்து உன் 31 ஸ்பீடு ராஜா. ஸ்பீடு ஐ.வி. 0 வைத்த பிரேவ் உர்சலூனாவுக்கு 49, ஆகவே நீ முதலில் ஸ்போர் போடுவாய், அது பிறகு அடிக்கும். டோர்கோல் 22, ஹாட்டரின் 30 என்று வந்தால் அவை உனக்கு முன்னால் ஆடும். ஹாட்டரினுக்கும் உனக்கும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம், ஆனால் அந்த ஒன்று போதும்.

ஸ்பீடு ஐ.வி. 0 உன் டீமில் ட்ரிக் ரூம் இல்லாவிட்டாலும் வேண்டும். காரணம் எதிராளியின் ட்ரிக் ரூம். அவன் பாடுபட்டு அதைப் போட்டு, 70 ஸ்பீடு அயர்ன் ஹேண்ட்ஸை இறக்கி அடிக்க வரும்போது, உன் அமூங்கஸ் அதற்கு முன் எழுந்து ஸ்போர் போடும். ஐ.வி. 31 வைத்த ரிலாக்ஸ்ட் அமூங்கஸுக்கு 45 ஸ்பீடு. அப்போது டோர்கோல், ஹாட்டரின் தவிர நிறைய சோம்பேறிகள் உனக்கு முன்னால் போய்விடுவார்கள்.

மூன்றாவது மழை. பெலிப்பர் கொண்டுவருகிற மழையில் ஃபயர் அடிகள் பாதியாகும், உன் மோசமான பலவீனம் தணியும். ஆர்ச்சலூடான் எலக்ட்ரோ ஷாட்டை மழையில் காத்திருக்காமல் அதே டர்னில் சுடும். அதற்கு ஃபைட்டிங் பலவீனம், க்ளோஸ் காம்பட்டை நீ ரேஜ் பவுடரால் வாங்கிக்கொள்ளலாம், உனக்கு அது பாதி. ஆனால் எதிரில் வெயில் போடுகிற டோர்கோல் இருந்தால் மழையும் வெயிலும் யார் கடைசியில் உள்ளே வந்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும். நீ மழையை நம்பி அமூங்கஸை நிறுத்திவைத்த டர்னில் அவன் டோர்கோலை ஸ்விட்ச் செய்தால் பொசுங்கிப் போவாய். எந்தப் போக்கிமான் செல்லும், எது செல்லாது என்பதை ரெகுலேஷன் காலாகாலத்துக்கு மாற்றும்; மேலே சொன்ன பெயர்களில் சில உன் போட்டியில் இல்லாமல் போகலாம், டீம் கட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பசங்கள் தங்களுக்குள்ளே ஆடும்போது இன்னொன்று சேர்ந்துகொள்கிறது: எல்லோரும் எல்லோருடைய டீமையும் அறிந்தவர்கள். எதிராளி உன் கூட்டாளிதான், உன் பழக்கம் அவனுக்குத் தெரியும். முதல் டர்ன் எப்போதும் ஸ்போர் என்று அவன் ஒருமுறை கண்டுகொண்டால் அப்புறம் அந்த மூவ் உனக்கில்லை. அமூங்கஸை லீடில் வைப்பதை நிறுத்திப் பின்னால் வைத்துப் பார். மூன்றாவது டர்னில், எதிராளியின் ஃபேக் அவுட் தீர்ந்து, ப்ரொடெக்ட்டும் செலவான பிறகு உள்ளே வருகிற அமூங்கஸ் இருமடங்கு ஆபத்தானது.

கன்சோல் வாங்க வசதி இல்லாதவர்கள் போக்கிமான் ஷோடவுனில் போன் பிரவுசரிலேயே பழகலாம், காசில்லை, ஈ.வி., ஐ.வி., நேச்சர் எல்லாம் டைப் செய்தாலே போதும். வி.ஜி.சி.யில் ஒரு டர்னுக்கு 45 விநாடி, டீம் ப்ரிவியூவுக்கு 90 விநாடி, ஆட்டம் முழுவதற்கும் உன் கையில் 7 நிமிடம். அமூங்கஸ் ஆட்டம் இழுத்துக்கொண்டு போகிற ஆட்டம், இந்த 7 நிமிடம்தான் முதலில் தீரும். ப்ரிவியூவின் 90 விநாடியில் மூன்று விஷயம் முடித்துவிடு: எதிரில் யாருக்கு ஸ்போர் ஒட்டாது, யார் பரவுகிற அடி வைத்திருக்கிறான், யார் டான்ட் போடுவான். மற்றதை ஆட்டத்தில் யோசி. இரண்டு பருவமழையும் வாங்குகிற ஊர் நம்முடையது. பேச்சிப்பாறைப் பக்கம் மழைக்கு நெட் போய் வருகிற நேரத்தில் டைமர் உனக்காக நிற்காது, அந்த மாதிரி நாளில் தரவரிசை ஆட்டம் வேண்டாம்.

ஸ்விட்சில் உண்மையான அமூங்கஸ் வளர்ப்பதானால் ஒரு பொறி உண்டு. பாட்டில் கேப் ஐ.வி.யை 31 ஆக்கத்தான் உதவும், 0 ஆக்க உதவாது. ஸ்பீடு 0 உள்ளதைப் பிடிக்கவோ முட்டையில் எடுக்கவோ வேண்டும். மறந்தும் ஸ்பீடுக்கு ஹைப்பர் ட்ரெயினிங் (பாட்டில் கேப் கொடுத்து ஏற்றுவது) செய்துவிடாதே, திருப்ப முடியாது. நேச்சர் வேறாக இருந்தால் ரிலாக்ஸ்ட் மின்ட் சரிசெய்துவிடும். ரீஜெனரேட்டர் ஹிட்டன் எபிலிட்டி என்பதால் எபிலிட்டி கேப்ஸ்யூல் போதாது, எபிலிட்டி பேட்ச் வேண்டும். வைட்டமின் ஒன்றுக்கு 10 ஈ.வி.: ஹெச்.பி. அப் 23, அயர்ன் 15, ஜிங்க் 11. ஒவ்வொன்றிலும் மிச்சம் நிற்கிற 6-க்கு ஹெல்த், ரெசிஸ்ட், க்ளெவர் ஃபெதர் ஆறாறு. வைட்டமின் ஒன்று 10,000 என்று மொத்தம் 4,90,000 போக்கிமான் பணம் ஆகும். பழைய அமூங்கஸையே மாற்றுவதானால், ஏற்கெனவே ஹெச்.பி.யிலும் ஸ்பெஷல் அட்டாக்கிலும் போட்ட 252-ஐ முதலில் அதற்கதற்கான பெரி கொடுத்து இறக்கிவிடு, 510 என்கிற மொத்த வரம்பில் இடம் இல்லாவிட்டால் புது வைட்டமின் ஏறாது.